தம்பி பெர்மனென்ட் ஆன படம்

படம் ஆரம்பித்துக் காப்பி ஆறுவதற்குள் கொரியா ஹீரோவின் தம்பியைக் குத்திவிட்டார்கள். பரமசிவத்துக்குப் பகீரென்றது.

கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து மனைவிக்குத் தமிழில் சொல்வது அவர் வேலை. பொன்னம்மாளின் தம்பி பாலகுமார் மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்தவன். பெர்மனென்ட் ஆகும் முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதன்பின் டி.வி. பக்கமே வராதவள், இன்று சாயங்காலம் தானாகவே, "அந்தக் கொரியாப் படத்தைப் போடுங்களேன்" என்றாள். அடிதடிப் படம்தானே என்று அவரும் போட்டுவிட்டார். இப்போது அழத் தொடங்கினால் மறுபடி அவளுக்குச் சோறு இறங்காது.

"என்னங்க, அந்தப் பையனுக்கு என்னாச்சு?"

"மயக்கம். சாப்பிடாம ஷிப்டுக்குப் போயிருக்கான்."

"சட்டையெல்லாம் சிவப்பா இருக்கே?"

"டிபன் பாக்ஸ் கொட்டிருச்சு. பீட்ரூட். அதான் சாப்பிடல."

அடுத்த காட்சியில் தம்பியின் போட்டோவைச் சுற்றி வெள்ளைப் பூ. முன்னால் ஊதுவத்தி. கறுப்புக் கோட்டுக்காரர்கள் வரிசையாகக் குனிந்தார்கள்.

"போட்டோவுக்கு எதுக்குப் பூ?"

"பாராட்டு விழா. பையன் பெர்மனென்ட் ஆயிட்டான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். உலகத்தில் வேறு பொய்யே கிடைக்கவில்லையா? ஆனால் பொன்னம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆர்டர் கைக்கு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"அப்புறம் அந்தம்மா ஏன் அழுவுது?"

"ஆனந்தக் கண்ணீர்."

"தரையில உருண்டா?"

"அந்த ஊர்ல அப்படித்தான்."

அண்ணன்காரன் இரும்புக் குழாயோடு ஒரு குடோனுக்குள் புகுந்து, உள்ளே இருந்தவர்களையெல்லாம் வெளுத்தான்.

"தம்பிக்கு வேலை கெடச்சதுக்கு எதுக்குங்க அடிக்கிறான்?"

"தம்பிக்கு அலாட் ஆன குவார்ட்டர்ஸை இவனுங்க காலி பண்ண மாட்டேங்குறானுங்க."

"நல்லா போடட்டும். பெரிய குவார்ட்டர்ஸா?"

"ரெண்டு ரூம். பின்னாடி முருங்கை மரம்."

"கல்யாணம் பண்ணிக்கிட்டா சௌகரியமா இருக்கும்" என்றாள் பொன்னம்மாள்.

கடைசியில் அண்ணன் கடற்கரையில் நின்று அஸ்தியைத் தூவினான். அவள் கேட்பதற்குள் பரமசிவம் முந்திக்கொண்டார்.

"மீனுக்குப் பொரி போடுறான்."

பொன்னம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"தம்பி எங்க, காணோம்?"

"செகண்ட் ஷிப்ட். வர லேட்டாகும்."

"வரட்டும். தோசை ஊத்துறேன், எனக்கும் பசிக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பக்கத்து வீட்டு உமாராணி மாவுப் பாத்திரத்தைத் திருப்பித்தர வந்தாள். டி.வி.யைப் பார்த்துவிட்டு, "படம் எப்படிண்ணே?" என்றாள்.

பரமசிவம் குரலைத் தாழ்த்தினார். "சுமார்தாம்மா. ஆனா அதுல தம்பி செத்தது உங்க அண்ணிக்குத் தெரியாம ஒப்பேத்திட்டேன். நீ எதையாவது உளறி வச்சிடாதே."

உமாராணி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, மத்தியானம் எங்க வீட்டுல இதைத் தமிழ் டப்பிங்லயே பார்த்து அழுது தீர்த்தாங்க அண்ணி. 'சாயங்காலம் அவரைப் போடச் சொல்றேன், அவரு தம்பியைச் சாக விடமாட்டாரு'ன்னு சொல்லிட்டுத்தான் எந்திரிச்சுப் போனாங்க."