லாயத்துக்கு வந்த மாப்பிள்ளை

"அதைக் கழட்டு," என்றாள் அக்கா.

அரண்மனை லாயத்தின் வாசலில், நுழைவுச் சீட்டு வரிசையில் நிற்கும்போது அவள் கழற்றச் சொன்னது மூக்குக் கண்ணாடியை.

"கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"பொண்ணு பார்க்கத்தானே வந்திருக்கே. பக்கத்துல நின்னு பாரு. தெரியும்."

"நான் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். நானே போடாம வந்தா என்ன நினைப்பாங்க?"

"போட்டா என்ன நினைப்பாங்கன்னுதான் பார்த்தாச்சே. போன இடத்துல என்ன சொன்னாங்க? பையன் தங்கமான பையன், ஆனா கண்ணாடிக்குப் பின்னால எங்கேயோ ரொம்ப தூரத்துல இருக்கார்னு சொன்னாங்க. அதுக்கு முந்தின இடத்துல பொண்ணோட தம்பி உன் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்துட்டு வாந்தி எடுத்தான். மறந்துட்டியா?"

அவன் மறக்கவில்லை. கையை உயர்த்துவதற்குள் கண்ணாடி அக்காவின் கைப்பைக்குள் போய்விட்டது.

கல்யாணம் நிச்சயமாகாத ஒருவனை மாப்பிள்ளை என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் போன இடத்திலெல்லாம் அக்கா அவனை "இவன்தான் மாப்பிள்ளை" என்றே அறிமுகப்படுத்தி வந்ததால், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இந்த இடமும் தட்டிப்போனால் இனித் தரகர் வீட்டு வாசல் மிதிப்பதில்லை என்று மாப்பிள்ளை முடிவு செய்திருந்தான். பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அந்த முடிவு அவனுக்கே பயமாக இருந்தது. அவ்வளவு பிடித்திருந்தது.

வாசலில் காவலர் கையை நீட்டினார். "பை உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. அந்தப் பக்கம் குடுத்துட்டு வாங்க."

"நீ முன்னால போ," என்றாள் அக்கா. "அவங்க உள்ளேதான் இருப்பாங்க. அப்பா கறுப்புக் கோட்டு போட்டிருப்பாராம். நான் பையைக் குடுத்துட்டு வந்துடுறேன்."

பை போயிற்று. பையோடு கண்ணாடியும் போயிற்று.

அரசர் ஊர்வலம் போகும்போது அலங்காரம் பூட்டிப் பின்னால் நடப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட குதிரைகள் ஒரு காலத்தில் அங்கே நின்றன. வண்டி இழுக்கும் சாதாரணக் குதிரைகளுக்கு உள்ளே இடமில்லை. நீளமான கூடம். இருபுறமும் தடுப்புத் தடுப்பாகக் குதிரை நிற்கும் இடங்கள். ஒவ்வொன்றிலும் பளிங்கில் தீவனத் தொட்டி, சுவரில் பித்தளை வளையம், மேலே சரவிளக்கு. இப்போது குதிரைகளுக்குப் பதில் சேணங்களும் தலையில் சூட்டும் இறகுகளும் பழைய ஓவியங்களும் நின்றன.

இதெல்லாம் மற்றவர்களுக்கு. மாப்பிள்ளைக்குத் தெரிந்தது பழுப்பு நிறத்தில் ஒரு மேகம். அதன் நடுவே மஞ்சளாகச் சில திட்டுகள்.

முதல் தடுப்பில் கறுப்புக் கோட்டு தெரிந்தது. கம்பீரமாக, ஒரு கையை லேசாக நீட்டியபடி நின்றிருந்தார்.

மாப்பிள்ளை இடுப்பு வரை வளைந்து கும்பிட்டான். "வணக்கம் மாமா. ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"வரிசை பெரிசா இருந்துச்சு. அதான் லேட்டாயிடுச்சு. நீங்க உக்காந்துக்கங்களேன்."

"அவர் உக்கார மாட்டார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மெழுகு பொம்மை."

மாப்பிள்ளை திரும்பினான். பச்சை நிறம் ஒன்று நின்றிருந்தது. குரலை வைத்துப் பார்த்தால் அதுதான் பெண்.

பெண் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்க வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருப்பது அவள் தொழில். இப்போதும் அப்படியே காத்திருந்தாள். மாப்பிள்ளை வாயைத் திறந்தான்.

"பொம்மைன்னு தெரியும். அந்த உடுப்புக்குத்தான் கும்பிட்டேன். எங்க கொள்ளுத்தாத்தா இந்த லாயத்துலதான் வேலை பார்த்தார். இதைப் பார்த்தாலே எனக்குக் கை தானா கும்பிடும்."

"உக்காரவும் சொன்னீங்களே."

"அது பாசம்."

உண்மையில் அவன் கொள்ளுத்தாத்தா பொத்தான் வியாபாரி. எதிரில் குதிரை வந்தால் கடைக்குள் ஏறிக்கொள்கிறவர்.

இன்னும் இரண்டு நிறங்கள் வந்து சேர்ந்தன. ஊதா அம்மா. கறுப்பு அப்பா, அசல்.

"இந்த இடத்தை நான்தான் தம்பி சொன்னேன்," என்றாள் அம்மா. "வீட்டுல உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டிருக்கிறதுக்கு இங்க நடந்துக்கிட்டே பேசலாம். அதோட இன்னொரு காரணமும் இருக்கு. அதைக் கடைசியில காட்டுறோம்."

"அம்மா, இவர் கொள்ளுத்தாத்தா இங்கதான் வேலை பார்த்தாராம்," என்றாள் பெண்.

அப்பா ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். ஒவ்வொரு வார்த்தையையும் முத்திரை குத்துவது போல அழுத்திப் பேசுவார். "அப்படியா. என்ன வேலை?"

குதிரை தேய்த்தார் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாப்பிள்ளைக்கு மனசு வரவில்லை. "லாயத்துக்கே தலைவர்."

"தலைவர்."

"ஆமா மாமா."

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி இருந்திருந்தால் மாப்பிள்ளையும் அதைப் பார்த்திருப்பான்.

"தலைவர்னா அவர் படம் இங்க இருக்கணுமே," என்றார் அப்பா.

"இருக்கே."

"எது?"

கூடத்தின் கடைசியில், மற்றதைவிடப் பெரிதாக ஒரு சட்டம் தெரிந்தது. மாப்பிள்ளை அதை நோக்கி நடந்தான். சட்டத்துக்குள் ஒரு தலையும், தலைக்குக் கீழே அடர்த்தியாக ஏதோ ஒன்றும் இருந்தன. அது மீசையாகவும் இருக்கலாம், பிடரி மயிராகவும் இருக்கலாம். லாயத்தில் இதைச் சரிபார்க்காமல் உறவு கொண்டாட முடியாது. கிட்டே குனிந்தான்.

"தொடாதீங்க சார்," என்றார் அங்கே நின்ற காவலர்.

"தொடலை. பார்க்கிறேன்."

"மூக்கு தொடுது சார்."

அந்தத் தூரத்தில் ஒரு பொத்தான் தெளிவாகத் தெரிந்தது. கோட்டுப் பொத்தான். குதிரை இல்லை. மாப்பிள்ளை நிம்மதியாக நிமிர்ந்தான்.

"இவர்தான்."

அப்பா ஓர் அடி கிட்டே வந்தார்.

"நல்லாத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார் அப்பா.

"தெரியாம இருக்குமா? எங்க வீட்டுக் கூடத்துல இதே படம்தான் மாட்டியிருக்கு. இவர் முகத்துல முழிச்சுத்தான் நாங்க வளர்ந்தோம்."

"கொள்ளுத்தாத்தான்னா, அம்மா வழியா, அப்பா வழியா?"

அம்மா வழி என்றால் கொஞ்சம் கடன் வாங்கிய பெருமை போல இருக்கும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. "அப்பா வழி. எங்கப்பாவோட அப்பாவோட அப்பா. நேரா வர்ற வழி."

"ஆனா இவருக்கு ஒரே மகன்னுதானே கேள்வி."

படத்துக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை இருந்தது. அதில்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள், அப்பா அதைப் படித்துவிட்டார் என்று மாப்பிள்ளை புரிந்துகொண்டான். அந்த ஒரே மகனின் வம்சம் இன்னார் என்றும் அதில் எழுதியிருந்தால்? வேர்த்தது. வேறு வழியில் நுழைந்தாக வேண்டும்.

"அது வெளியில சொல்றது மாமா," என்று குரலைத் தாழ்த்தினான். "பெரிய மனுஷங்க விஷயம். இவருக்கு இன்னொரு வீடு இருந்துச்சு."

"இன்னொரு வீடு," என்றார் அப்பா. இந்த முறை முத்திரை சரியாக விழவில்லை.

"நாங்க அந்த வீட்டு வழி."

அம்மா பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லுங்க தம்பி. எங்க இருந்துச்சு அந்த வீடு?"

"இந்த லாயத்துக்குப் பின்பக்கம்தான்."

"பின்பக்கமே வெச்சிருந்தாரா?" அம்மா கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

மாப்பிள்ளைக்கு மனம் இளகியது. எவ்வளவு நல்ல மனசு, யார் வீட்டுக் கதைக்கோ அழுகிறாளே. "அழாதீங்க அத்தை. ரெண்டு வீட்டையும் அவர் ஒரே மாதிரிதான் பார்த்துக்கிட்டார். காலையில அங்க, சாயங்காலம் இங்க."

"நடந்து போவாரா?" என்று கேட்டாள் பெண்.

"குதிரையில. வெள்ளைக் குதிரை. ஊரே நின்னு பார்க்கும்."

"ஊரே பார்த்தா அது எப்படி வெளியில தெரியாம இருந்துச்சு?"

"எல்லாரும் குதிரையைத்தான் பார்ப்பாங்க. அவரை யார் பார்த்தா?"

அம்மாவின் தோள்கள் இன்னும் வேகமாகக் குலுங்கின. அப்பா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநாள் பழகிய ஒருவர் எதையோ மறைத்துவிட்டதைப் போல.

இந்த நேரத்தில்தான் அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"வாங்க," என்றாள் பெண். "உங்க கொள்ளுத்தாத்தாவைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம். லாயத் தலைவர்."

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். தம்பி முங்குகிறான் என்பது மட்டும் புரிந்தது. அவளும் குதித்தாள்.

"அதை ஏன் கேக்கிறீங்க. அப்படியே எங்கப்பா மூக்கு. தம்பிக்கும் அதே மூக்குதான். ரத்தம் பேசாம இருக்குமா?" பிறகு தம்பியின் காதோரம், "யாருடா இது?"

"பொத்தான் தாத்தா."

"அவருக்கு மீசையே கிடையாதேடா."

"இப்ப இருக்கு."

அப்பா மெல்ல நடந்து வந்தார். மாப்பிள்ளையின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். கிட்டத்தில் அவர் கண்கள் கலங்கியிருப்பது தெரிந்தது.

"தம்பி, உங்களை யாரோ எவரோன்னு நினைச்சுட்டேன்."

"அதனால என்ன மாமா."

"இனிமே என்னை மாமான்னு கூப்பிடாதீங்க," என்றார் அப்பா. சட்டென்று அவனைக் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நின்ற பழைய ரதத்துக்குப் பின்னால் போனார். அங்கே ஏதோ தாழ்ந்த குரலில் பேச்சு நடந்தது. நடுவில் அம்மாவின் குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. "இல்லைங்க, முப்பது வருஷமா இந்தப் பெருமையை நான் வாயை மூடிக்கிட்டுத்தானே கேட்டேன். இன்னைக்கு நான் சிரிப்பேன்."

அது மாப்பிள்ளையின் காதில் விழவில்லை. அவன் அக்காவை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் போயிருந்தான்.

"கட்டிப்பிடிச்சுட்டார்க்கா. மாமான்னு கூப்பிடாதேங்கிறார்."

"அப்பான்னு கூப்பிடச் சொல்றார்டா மண்டு. அவ்வளவு பிடிச்சுப்போச்சு." அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்தது. "நான் சொன்னேனா இல்லையா, எல்லாம் அந்தக் கண்ணாடியாலதான்னு? இரு, பையை வாங்கிட்டு வரேன். இனிமே நீ தாராளமா போட்டுக்கலாம். அவங்க ஓட முடியாது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை திரும்பி உள்ளே வந்தான். லாயம் முழுவதும் ஒரே நொடியில் தன் இடத்துக்கு வந்தது. தூண்கள் நேராக நிமிர்ந்தன. சரவிளக்கில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவன் கும்பிட்ட மெழுகு பொம்மை கையில் ஒரு சாணிக்கூடையை வைத்திருந்தது.

கூடத்தின் கோடியில், படத்துக்குக் கீழே, அவள் நின்றிருந்தாள்.

போட்டோவில் அவள் வாயை மூடியிருந்தாள். இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தாள். பல் டாக்டரின் முன்பற்களுக்கு நடுவே சின்னதாக ஓர் இடைவெளி. ஊரார் பல்லையெல்லாம் நேராக்குகிறவள் இதை மட்டும் அப்படியே விட்டு வைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடம் பெயர்ந்தது. பொத்தான் தாத்தாவைப் பற்றி இவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கட்டாயம் சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்த மறுநாள்.

அவள் அழைப்பது போலக் கையை அசைத்தாள். நடந்தான். நடக்க நடக்க, அவள் தலைக்கு மேலே இருந்த படமும் தெளிவாகிக்கொண்டே வந்தது. அகலமான காதுகள். நடுவில் பிளந்த மோவாய். மீசை நிஜமாகவே மீசைதான். ஆனால் அந்தக் காதுகளையும் மோவாயையும் இப்போதுதான் எங்கோ, மிகவும் கிட்டத்தில், பார்த்திருக்கிறோமே என்று யோசித்தான்.

ரதத்துக்குப் பின்னாலிருந்து அப்பா வந்தார். போட்டோ எடுக்கச் சொல்லிச் செல்போனைக் காவலரிடம் கொடுத்துவிட்டு, படத்துக்கு நேர் கீழே வந்து நின்றார். அதே காதுகள். அதே மோவாய்.

மாப்பிள்ளையின் கால்கள் நின்றுவிட்டன.

"அப்பாவோட தாத்தா படத்தைக் காட்டத்தான் உங்களை இங்க வரச் சொன்னோம்," என்றாள் பல் டாக்டர், தன் பக்கத்தில் இடம் விட்டு ஒதுங்கி நின்றபடி. "வந்து நில்லுங்க, அண்ணா."