ரஜ்ஜுவுக்கு மாதச் சந்தா

கோவில்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ஹரி அவர்களுக்கு,

மாமனார் ராமசுப்பு ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் ரத்தக்கொதிப்பைத் தவிர. அதற்குக் காரணம் தாங்கள். போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறீர்கள் என்பதால் தபாலில் சொல்கிறேன்.

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் சிடியை மூவாயிரம் ரூபாய்க்கு, ஒரே தடவையாக, நான் வாங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது. தங்கள் கல்யாணம் உட்படத் தெருவில் பதினெட்டுக் கல்யாணம் அதில்தான் முடிந்தது. தீபாவளிக்கு வந்த தாங்கள், "கம்ப்யூட்டர் ரொம்பப் பழசா இருக்கு மாமா" என்று எதையோ புதிதாக ஏற்றினீர்கள். அத்தோடு என் சிடி படுத்துவிட்டது. பதிலுக்குத் தாங்கள் போட்டுக்கொடுத்தது முப்பது நாள் இலவசமாக ஓடிவிட்டு, இப்போது மாதம் முந்நூறு கேட்கிறது. கேட்டால் அப்டேட்டுக்காம். அசுவினி முதல் ரேவதி வரை நட்சத்திரம் இருபத்தேழு. இருபத்தெட்டாவது ஏதாவது போன மாதம் வந்ததா? கிரைண்டர் வாங்கியவன் மாவாட்டும்போதெல்லாம் கடைக்காரனுக்குப் பணம் கட்டுகிறானா? கட்டமாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

இந்த நேரத்தில் ஜெயப்பிரியாவுக்குக் கடம்பூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பதினொரு போட்டோவுக்கு வாயே திறக்காத தங்கள் கொழுந்தியாள், இந்தப் பையனைப் பார்த்து "சரிப்பா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவசரமாகப் பொருத்தம் பார்த்து, கண்ணாடிகூடப் போடாமல் பையனின் அப்பா சாமித்துரைக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். ஒன்பது பொருத்தம் ஒழுங்காக இருந்தது. பத்தாவதான ரஜ்ஜுவின் மேல் ஒரு பூட்டுப் படம்! பணம் கட்டினால்தான் திறக்குமாம்.

"அண்ணாச்சி, தாலி பாக்கியம் பாக்குத இடத்துல பூட்டு தொங்குதே! வீட்ல அழுதுக்கிட்டு இருக்காவ" என்றார் அவர். சந்தா விவகாரத்தை விளக்கினேன். "பெத்த மகளுக்கு முந்நூறு ரூவா கட்டவா யோசிக்குதீங்க?" என்று கேட்டுவிட்டார். ஜெயப்பிரியா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவளைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டுவந்து பழைய சிடியை ஓடவைக்க வேண்டும். சந்தாவாகச் சல்லிக்காசு தரமாட்டேன். இது உறுதி.

ஐஸ்வர்யாவுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். தங்களுக்கும்தான்.

இப்படிக்கு,
ராமசுப்பு

பி.கு.: கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் தங்கள் அத்தை மாடத்தி என் போனைப் பிடுங்கி ஒரு வருஷச் சந்தாவைக் கட்டிவிட்டாள். பூட்டுத் திறந்தது. ரஜ்ஜு பொருந்தவில்லை. நான் இடிந்து உட்கார்ந்துவிட்டேன். அவளோ, "நம்ம ரெண்டு பேருதையும் போட்டுப் பாருங்க" என்றாள். போட்டேன். பத்துக்கு மூன்று. ரஜ்ஜு அறவே இல்லை. "முப்பத்தாறு வருசம் கழிச்சு இப்பத்தான் ஒண்ணு உள்ளதைச் சொல்லுது" என்று சொல்லி, இரண்டு தாளையும் அவளே கடம்பூருக்கு அனுப்பிவைத்தாள். சாமித்துரை தன் ஜாதகத்தையும் தன் வீட்டம்மா ஜாதகத்தையும் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். வீட்டம்மாவைக் கூப்பிட்டு அதைச் சொல்வது போனில் கேட்டது. பிறகு, "எங்களுக்கு ரெண்டுதானா அண்ணாச்சி? சரி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாத்த வாரோம்" என்றார். சிடி வேண்டாம். ஐஸ்வர்யாவோடு வியாழக்கிழமையே வந்துசேருங்கள்.