குப்பை வண்டி போனதே எங்களுக்குத் தெரியாது

கீலுங்,
புதன்கிழமை, வழக்கம்போல் மழை.

அன்புத் தம்பி பின்-ஹுவாவுக்கு,

அக்கா மெய்-யுன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் மூக்குக்கண்ணாடிக் கடையும் நலம்தானே? இங்கே நானும் உன் மகள் யிங்-ருவும் நலம். துவைத்த துணிகள்தான் இன்னும் காயவில்லை. போனில் சொன்னால் பாதியில் குறுக்கிடுவாய். கடிதத்தில் உன்னால் முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பள்ளியின் கடைசி ஆண்டு வேலையாக யிங்-ரு ஒரு பாட்டுப் படம் எடுப்பது உனக்குத் தெரியும். நீ வைத்த நிபந்தனையும் உனக்கு நினைவிருக்கும். "வீட்டு ஆளுங்க எப்படியும் பாராட்டத்தான் செய்வாங்க. தெருவுல நாலு பேருக்குக் காட்டட்டும். அவங்க வாயால நல்லாயிருக்குன்னு வந்தா சினிமா படிக்கட்டும், இல்லேன்னா தைநான் வந்து கடையில உக்காரட்டும்" என்றாய். பள்ளியிலும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்கள்: பார்ப்பவர்களிடம் கருத்துக் கேள், அதன்படி திருத்து, மறுபடியும் காட்டு. ஆனால் இந்த மழை ஊரில் யாரைத் தெருவில் நிறுத்திப் படம் காட்டுவது? எல்லோரும் குடைக்குள் ஓடிக்கொண்டிருப்பார்கள். உன் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். மாலையில் மஞ்சள் குப்பை வண்டி தன் மெட்டை இசைத்துக்கொண்டு வரும்வரை எங்கள் சந்தே பையும் கையுமாக நிற்கிறது அல்லவா? அவரவர் பையை அவரவர்தான் வண்டியில் எறிய வேண்டும். தவறவிட்டால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். எனவே ஒருவரும் நகர மாட்டார்கள். அப்படிப்பட்ட பார்வையாளர்கள் எந்தத் திரையரங்குக்குக் கிடைப்பார்கள்?

பாட்டு அவள் தோழி பாடியது. துறைமுகத்தில் மூடுபனி இறங்குகிறது, ஒரு பெண் தலைமுடியை விரித்துப் போட்டு மெதுவாக நடக்கிறாள், அவ்வளவுதான். முதல் நாள் கைக்கணினியில் காட்டினாள். எல்லோரும் தெருமுனையைப் பார்த்தபடியே "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்றார்கள். அப்போதே உனக்கு எழுதியிருப்பேன். அவள்தான் விடவில்லை. "அது நல்லாயிருக்கு இல்ல அத்தை, சாப்டாச்சான்னு கேக்கற மாதிரி" என்றாள். மறுநாள் "குறை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். தம்பி, மடையைத் திறக்கும் முன் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மீன் உருண்டைக் கடை கான் அக்கா, "பாடுற பொண்ணு மூஞ்சியில முடி விழுந்து கிடக்கே, பரு எதுவும் மறைக்கிறாளா? ஒரு கிளிப் வாங்கிக் குடு. அப்புறம் யாரு செத்தது?" என்று கேட்டார். "யாரும் சாகல ஆன்ட்டி." "அப்ப ஏன் இவ்ளோ மெதுவா நடக்கறா?" இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்ற ஷூ தாத்தாவோ, "துறைமுகம்ங்கற, ஒரு கப்பலைக் காணோமே. வெறும் தண்ணியப் பாக்கவா நான் நாப்பது வருஷம் வேலை செஞ்சேன்?" என்று கோபித்துக்கொண்டார்.

உன் மகள் நல்ல பிள்ளை. எல்லோர் சொல்லையும் கேட்டாள். கிளிப் வந்தது, கப்பல் வந்தது, நடை வேகமானது, நாய் ஒன்று வந்தது, கான் அக்காவின் கடையும் வந்தது. தலைவலிக்குப் பக்கத்து வீட்டார் சொன்ன மருந்தையெல்லாம் ஒரே கோப்பையில் கலக்கிக் குடித்தவனை நினைத்துக்கொள், படம் அப்படி ஆனது. எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டியபோது கான் அக்கா, "என்னம்மா இது, தேர்தல் பிரசார வண்டி மாதிரி இருக்கு" என்றார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. நூடுல்ஸ் கிண்ணத்தின் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அத்தை, அப்பா கடையில லென்ஸ் எப்படி இருக்குன்னு யாரையும் கேக்க மாட்டார். எந்த எழுத்து தெரியுதுன்னுதான் கேப்பார். நான் கேள்வியையே தப்பாக் கேட்டுட்டேன். இனிமே கேக்கவே போறதில்ல, அவங்க முகத்தைப் பாக்கப் போறேன்." நீ பெருமைப்படு, அவள் இதை உன்னிடம்தான் கற்றிருக்கிறாள். கப்பல், நாய் எல்லாவற்றையும் வெட்டினாள். நடந்த பெண்ணையும் பாதிக்கு மேல் வெட்டினாள். மிஞ்சியது பனியும் குரலும்தான். பள்ளியில் புரொஜெக்டர் வாங்கிவந்து, மூடிக்கிடக்கும் கருவாட்டுக் கடையின் வெள்ளை ஷட்டரில் அதைக் காட்டினாள்.

திங்கட்கிழமை மாலை அது. மழை நின்று, கடலிலிருந்து நிஜப் பனி சந்துக்குள் வந்துகொண்டிருந்தது. ஷட்டரில் இருந்த பனி எங்கே முடிகிறது, எங்கள் காலடியில் இருந்த பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. குரல் எங்கோ தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் வந்தது. எனக்கு என் கை இருப்பதே மறந்தது. கையில் மூங்கில் குருத்துத் தோல் நிறைந்த பை இருந்ததும் மறந்தது. பாட்டின் நடுவில் இன்னொரு மெட்டு மெல்லச் சேர்ந்தது, மஞ்சள் வெளிச்சம் ஒன்று பனியைத் துழாவிக்கொண்டு போனது, பிறகு தேய்ந்து மறைந்தது. எவ்வளவு அழகாகச் சேர்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். படம் முடிந்தது. பிறகு கான் அக்கா மெதுவாகக் கேட்டார்: "ஆமா, வண்டி இன்னும் வரலியா?"

வண்டி வந்து, நின்று, ஒருவரும் அசையாததால் குழம்பி, போயே போய்விட்டது தம்பி. சந்து முழுவதும் பையோடு நின்றது. "நான் பாத்தேனே" என்றார் ஷூ தாத்தா. "பனிக்குள்ள மஞ்சளா ஒண்ணு போச்சு. கடைசியில நம்ம பேச்சைக் கேட்டுக் கப்பலை வச்சுட்டாளேன்னு சந்தோஷமா இருந்தேன்." கான் அக்கா கையில் இரண்டு பை மீன் தலை. "கப்பலா? அப்ப இந்த மீன் தலைக் கப்பலை உங்க வீட்டுல கட்டிப் போடவா? டீச்சர், இனிமே இவ படம் போட்டா பிளக்கைப் புடுங்கிடுவேன்" என்று என்னிடம் கத்திவிட்டுப் போனார். அன்று எங்கள் சந்து எப்படி மணத்தது என்பதை எழுதினால் இந்தத் தாளும் மணக்கும்.

யிங்-ரு அழவில்லை. "ஒருத்தர்கூட நல்லாயிருக்குன்னு சொல்லல அத்தை. அப்பாகிட்ட சொன்னது சொன்னதுதான்" என்று பெட்டி கட்டிவிட்டாள். நான் உன்னிடம் கெஞ்சப் போவதில்லை. சில சமயம் கேள்வித்தாளே பிழையாக அச்சாகிவிடும். நன்றாகப் படித்த பிள்ளைகளும் பூஜ்யம் வாங்குவார்கள். மணி அடித்தபிறகு வாத்தியாரால் என்ன செய்ய முடியும்? உன் நிபந்தனைப்படி அவள் தோற்றுவிட்டாள். சனிக்கிழமை ரயிலில் அனுப்புகிறேன். அவள் அறையைத் தயார் செய்து வை. கடையில் ஜன்னல் பக்கம் ஓர் இருக்கை கொடு. முன்னோர் அருளால் உன் வீட்டில் அரிசியும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

உன் அக்கா,
மெய்-யுன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் அறையைப் பற்றியதையும் ரயிலைப் பற்றியதையும் அடித்துவிடு. மழை விட்டதும் கடிதத்தைத் தபாலில் போடக் கீழே இறங்கினேன். புதன்கிழமை எங்கள் சந்துக்குக் குப்பை வண்டி கிடையாது. ஆனாலும் அத்தனை பேரும் கருவாட்டுக் கடை முன்னால் இருக்கிறார்கள், ஒருவர் கையிலும் பை இல்லை. ஷூ தாத்தா பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "பொண்ணு எங்க டீச்சர்? சீக்கிரம் வரச் சொல்லுங்க, மழை வந்துடும்" என்றார் கான் அக்கா. உன் நிபந்தனைக்காக, "அப்ப படம் நல்லாயிருக்குன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். "அப்படின்னு யாரு சொன்னா? அன்னிக்கு அவசரத்துல சரியாத் திட்ட முடியல. இன்னிக்கு முழுசாப் பாத்துட்டு நிதானமாத் திட்டலாம்னு வந்தோம்" என்றார். யிங்-ரு மாடியில் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஒயரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இங்கே வண்டி வராது. நீயே வந்து பார்.