மூன்று தகப்பன்மாருக்கு ஒரே கோட்டு

அந்தக் காலத்தில் கோட்டு நானாவின் கை படாமல் எந்தத் தமிழனும் கண்டியில் எந்தக் கந்தோருக்குள்ளும், அதாவது ஆபீசுக்குள்ளும், நுழைந்ததில்லை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம்தான்.

எங்கள் பக்கம் முஸ்லிம் ஆட்களை நானா என்போம். ஸ்டேஷனிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் அவருடைய தையல் கடை இருந்தது. அங்கே ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். தைக்கக் கொடுத்த தோட்டத்துத் துரை அதை வாங்க வராமலே சீமைக்குக் கப்பலேறிவிட்டார். துரை நல்ல பருமன். அவருக்கு அடுத்தபடியாக அந்தக் கோட்டு பொருந்திய ஒரே உடம்பு நானாவுடையதுதான். ஆனால் நான் சொல்லப்போகும் நாள்வரை அவர் அதைப் போட்டு யாரும் பார்த்ததில்லை. கந்தோர் காரியமாக வருகிறவர்களுக்கு இரவல் கொடுப்பதற்கென்றே வைத்திருந்தார். ஒரு சதம் வாங்கமாட்டார், வேண்டாம் என்றாலும் விடமாட்டார்.

"வெள்ளக்காரன் மனுஷன பாக்கமாட்டான், கோட்டத்தான் பாப்பான்" என்பது அவருடைய கட்சி.

ஒல்லி ஆட்களுக்கு முதுகுப் பக்கம் துணியைச் சுருட்டிக் குண்டூசி குத்திவிடுவார். முன்னால் பார்த்தால் துரை, பின்னால் பார்த்தால் முள்ளம்பன்றி. அதனால் அவர் கண்டிப்பாக ஒரு சட்டம் போட்டிருந்தார்: "முதுக மட்டும் காட்டப்படாது!" கோட்டு போட்டவர்கள் எல்லோரும் கந்தோரிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்கள். அப்படி வந்த ஒருவர் பியூனின் மடியில் உட்கார்ந்துவிட்டார். வழக்கில் மாட்டிய இன்னொருவரை, வழக்குப் பேச வந்த பிரக்கிராசி என்று நினைத்துக் கதிரை போட்டு உட்காரவைத்தார்களாம். இதையெல்லாம் நானாவே பெருமையாகச் சொல்வார்.

என் கதைக்கு வருகிறேன். நாங்கள் நாவலப்பிட்டி. அப்பா ரயில்வேயில் சிக்னல் விளக்கு ஏற்றுகிறவர். கண்டியில் ஒரு பெண்கள் கல்லூரி, பரீட்சையில் கெட்டிக்காரியாக வரும் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுத்து இலவசமாகப் படிப்பித்தது. பரீட்சை எழுத விண்ணப்பக் கட்டணம் கட்டவேண்டும். காசில்லாத பிள்ளைக்குத்தான் புலமைப்பரிசில், அதைக் கேட்பதற்கே காசு! இந்த நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. கட்ட முடியாதவர்கள் குறித்த நாளில் பிள்ளையோடு வந்து அதிபரான வெள்ளைக்காரத் துரைசாணியிடம் சொன்னால் கட்டணத்தைத் தள்ளிவிடுவார்கள். தள்ளாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் அந்த வருஷத்தோடு என் படிப்பு முடிந்தது.

அப்பா வெளுத்த சட்டையோடு போகத்தான் நினைத்தார். ஸ்டேஷனில் இறங்கிக் கடையைத் தாண்டும்போது நானா விடவில்லை.

"எனத்த பேச்சு இது! கோட்டில்லாம கந்தோருக்குப் போற எப்பிடி?"

அன்றைக்கு அவருடைய கணக்கில் மூன்று தகப்பன்மார். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து ஒருவர், பேராதனையில் தோட்ட வேலை செய்கிறவர் ஒருவர், பிறகு அப்பா. கல்லூரி மதிலோரம் நின்றுகொண்டு, வெளியே வருகிறவரிடமிருந்து கோட்டைக் கழற்றி உள்ளே போகிறவருக்கு மாட்டினார்.

"எப்பிடிப் பேசினாங்க?" என்று முதல் ஆளைக் கேட்டார்.

"நல்லா பேசுனாங்க நானா."

இரண்டாவது ஆளும் மகளைக் கையில் பிடித்தபடி, "மரியாதையா பேசுனாங்க" என்றார். நானா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்பாவும் நானும் உள்ளே போனோம். துரைசாணி அப்பாவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ரீச்சரிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார்.

ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உந்தக் கோட்டு இண்டைக்கு மூண்டாந்தரம் வருதாம். இதுக்கு எத்தினை பிள்ளையள் எண்டு அம்மா கேக்கிறா. இப்பிடிக் கோட்டுப் போடுறவை காசு கட்டலாம் எண்டுதான் மற்ற ரெண்டு பேரையும் இல்லையெண்டு அனுப்பினவ."

அப்பாவுக்குப் பொய் வராது. "கோட்டு நம்மளுது இல்லீங்கம்மா" என்று சொல்லி, நானாவின் சட்டத்தை மீறி, முதுகைத் திருப்பிக் காட்டினார்.

துரைசாணி அந்தக் குண்டூசிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோட்டின் சொந்தக்காரரைக் கூப்பிடச் சொன்னார். நான் ஓடினேன். நானா அசையவில்லை.

"கோட்டில்லாம உள்ளுக்கு வாற எப்பிடி மகள்? அப்பாக்கிட்ட வாங்கிட்டு வாங்கோ!"

திரும்ப ஓடினேன். அப்பா கழற்றிக் கொடுத்துவிட்டு, தோளில் அம்மா ஒட்டுப்போட்ட சட்டையோடு நின்றார். வாசலில் நானா கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்த தோரணையில் துரைசாணியே கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

ரீச்சர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல நானாவின் முகம் சுருங்கியது. "அப்ப அந்த ரெண்டு புள்ளைகளுக்கும் இல்லண்டா சொன்ன?" என்றார். கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பிழை கோட்டுல மிஸ். புள்ளைகள்ள இல்ல."

ரீச்சர் அதை இங்கிலீசில் துரைசாணிக்குச் சொன்னார். மூன்று பேருக்கும் கட்டணத்தைத் தள்ளினார்கள். மற்ற இரண்டு பேரையும் கூப்பிட, அந்தப் பருத்த மனிதர் பஸ் நிற்கும் இடம்வரை ஓடினார்.

பின்னேரம் கடையில் அவர் ஊசியைத் தொடவில்லை. "போன வருஷமும் குடுத்தேன். அதுக்கு முந்தியும் குடுத்தேன். எல்லாரும் 'நல்லா பேசுனாங்க'ன்டுதான் சொன்ன. எத்தின புள்ளைகள்ட படிப்ப மறிச்சேனோ!"

ஆசையாகக் கோட்டு போட்டுவிட்ட மனிதரிடம், கிடைக்கவில்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. அந்த மரியாதை எத்தனை பிள்ளைகளை வீட்டில் இருத்தியதோ, எனக்கும் அது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

அதற்குப் பிறகு அவர் கோட்டை யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. தகப்பன்மாரை இருந்த சட்டையோடு அனுப்பினார். பேசப் பயந்தவர்களோடு தானே கோட்டைப் போட்டுக்கொண்டு துணைக்குப் போனார்.

நான் பரீட்சை எழுதினேன். புலமைப்பரிசில் கிடைத்தவர்களைக் கல்லூரியில் சேர்க்கிற நாளில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. என்னை ரயிலில் ஏற்றிவிட்டார், கண்டியில் நானா வந்து கூட்டிப்போனார். அதே ரீச்சர் தலை நிமிராமல் கேட்டார்: "பிள்ளையோட ஆர் வந்திருக்கினம்?"

அவ்வளவு பேசுகிற நானா, கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்க வீட்டு ஆளு, மிஸ்" என்றேன்.

அன்று நான் சொன்னது பொய் என்று இந்த வயதிலும் எனக்குத் தோன்றவில்லை.