ராஜம்மா குழம்பின் மெய்யான வரலாறு

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மார்கழியில், டெல்லி ஜனக்புரியில் மங்களத்தின் வீட்டில் சுண்டைக்காய் வற்றல் தீர்ந்துபோயிற்று. கும்பகோணத்திலிருந்து வற்றலோடு வரவேண்டிய தம்பிக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அடுப்பில் புளி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில், சப்பாத்திக்கென்று வேகவைத்த ராஜ்மா பயறு இருந்தது. மங்களம் ஒரு நிமிஷம் யோசித்தாள். அள்ளிப் போட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பார்த்து அவள் கணவர் விஸ்வநாதன் தன் மேலதிகாரி மாசிலாமணியைச் சாப்பிட அழைத்து வந்திருந்தார். மாசிலாமணி, மத்திய அரசின் பாரம்பரிய உணவு மூலாதார ஆய்வுப் பிரிவுக்கு இயக்குநர். பிரிவு தொடங்கியதிலிருந்து ஓர் உணவுக்கும் மூலாதாரம் அகப்படவில்லை. மார்ச்சுக்குள் ஒன்றாவது அகப்படாவிட்டால் பிரிவுக்கு மூடுவிழா, விஸ்வநாதனுக்கு ஷில்லாங் மாற்றல் என்று மேலிடம் தெரிவித்திருந்தது.

மாசிலாமணி மறுசோறு வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

"மேடம், இது எந்தக் காலத்துக் குழம்பு?"

"இப்பத்தான் சார் இறக்கினேன்."

"அதைக் கேட்கவில்லை. பரம்பரை?"

மங்களம் வாயைத் திறப்பதற்குள் விஸ்வநாதன் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

"சரி, பெயராவது?"

"பேரா? ராஜ்மா போட்ட குழம்பு, அவ்வளவுதான்."

"ராஜம்மா!" மாசிலாமணி துள்ளி எழுந்தார். "வடக்கத்தியர் வாயில் ராஜ்மா என்று சிதைந்திருக்கிறது. யாரோ ஒரு தமிழ் அரசி யமுனைக்கரை வரை வந்திருக்கிறாள்!"

"எதுக்கு சார் வந்தா?"

"அதைத்தான் ஆராய வேண்டும்."

ஆராய்வதற்காக விஸ்வநாதன் அரசுச் செலவில் மதுரா, ஆக்ரா என்று யமுனைக்கரையெல்லாம் அலைந்தார். ஒரு சட்டித் துண்டுகூடக் கிடைக்கவில்லை. ராஜம்மாவின் படைவீரர்கள் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டுவிட்டதால் தடயம் எதுவும் மிஞ்சவில்லை என்றும், மிஞ்சாததே குழம்பின் ருசிக்குத் தக்க சான்று என்றும் இயக்குநர் முடிவு கண்டார். குழம்புக்கு வயது தொள்ளாயிரம் என்று அறிவிப்பு வந்தது. பிரிவு பிழைத்தது.

மறுநாளே எதிர்வீட்டுத் திருநெல்வேலி சுந்தரவல்லி வந்து நின்றாள். "மாமி, எங்க ஊர்ல இதுக்குப் பூண்டு தட்டிப் போடுவோம். நீங்கதான் மாத்திட்டீங்க."

"நானே இப்பதானேடி…"

"ராஜம்மா எங்க ஊர்க்காரி மாமி!"

ஏப்ரலில் உணவுத் திருவிழா. மங்களத்தையே சமைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தர ஆய்வாளர் ஒரு கரண்டி ருசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாரம்பரிய முறை பின்பற்றப்படவில்லை மேடம். ராஜம்மா யமுனை நீரில் சமைத்தாள். நீங்கள் குழாய்த் தண்ணீரில் செய்திருக்கிறீர்கள்."

"டெல்லிக் குழாய்ல வர்றதும் யமுனைதானே சார்?"

"அப்படியானால் வடிகட்டியிருக்கக் கூடாது."

திருவிழாவில் அவளுக்கென்று ஒதுக்கிய கடை ஒரு நட்சத்திர ஓட்டல் சமையல்காரருக்குப் போயிற்று. அவர் குழம்பில் முந்திரியும் பாலாடையும் மிதந்தன. ஜனக்புரித் தமிழர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று வாங்கி, சின்ன வயதில் சாப்பிட்டது ஞாபகம் வருகிறது என்று கண்கலங்கினார்கள்.

மங்களம் செய்த குழம்பு மீந்துவிட்டது. அதைத் தூக்கோடு வீட்டுக்குக் கொண்டுவந்து விஸ்வநாதனுக்குப் பரிமாறினாள். அவர் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, சற்று நேரம் மேலே பார்த்தார்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா பண்ற மாதிரி வரலை."

மங்களம் கரண்டியை ஓங்கினாள். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டவளாகத் தன் தட்டிலும் கொஞ்சம் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"வாஸ்தவம்தான்னா," என்று பெருமூச்சு விட்டாள். "அந்தக் காலத்துக் கைமணம் இப்ப யாருக்கு வரும்?"