முறை எதைச் சார்ந்தது?

விஜயநகர், மைசூரு

புனே நகரத்தில் கணினிகளுக்கே புத்தி சொல்லிப் பிழைப்பவனும், என் அக்கா ஸ்ரீவல்லியின் ஒரே புத்திரனுமான சிரஞ்சீவி ஸ்ரீகருக்கு, உன் மாமா நம்பி தலையணைக்குள் முகத்தைப் புதைத்தபடி எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் க்ஷேமம். உன் க்ஷேமத்தை விசாரிக்கும் யோக்யதை எனக்கு இருக்கிறதா என்று தெரியாததால், அதை நீயே விசாரித்துக்கொள்ளவும்.

நடந்தது உன் காதுக்கு அரைகுறையாக வந்திருக்கும், முழுசையும் குற்றவாளியின் வாயாலேயே கேள். உன் தங்கை ஸுப்ரஜாவின் கல்யாணப் பத்திரிகையோடு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கடிதம் வைக்க வேண்டும் என்று உன் அப்பா, அதாவது என் அத்திம்பேர் முரளிதரன், ஆசைப்பட்டார். "பேர் போட்டு, முறை சொல்லிக் கூப்பிட்டாத்தான் நம்பி, மனுஷா வருவா" என்றார். "கவலையை விடுங்கோ அத்திம்பேரே, இதுக்கு ஒரு டேட்டாபேஸே கட்டிடறேன்" என்று நான் மார்தட்டிய சத்தத்தில் சாமுண்டி மலை நந்தி திரும்பிப் பார்த்திருக்கும். உடனே உனக்குப் போன். நீயும் பாவம், ஆபீஸ் வேலையைப் போட்டுவிட்டு அட்டவணைகளை ஒழுங்காகப் பிரித்து அடுக்கும் நார்மல் ஃபார்ம் பாடம் எனக்கு எடுத்தாய். "மாமா, ஒரு கட்டத்துல ஒரு விஷயம்தான் இருக்கணும்" என்றாய். அதுவரை ஒரே கட்டத்தில் 'மோலி, புருஷன் தேவநேசன், இரண்டு வாண்டுகள், நாய்' என்று பக்கத்து வீட்டுக் குடும்பத்தையே குடிவைத்திருந்த நான், ஆளுக்கொரு வரிசை கொடுத்து நாயைக் காலி பண்ணினேன். "பின்கோடு பேட்டையைச் சார்ந்தது, ஆளைச் சார்ந்ததில்லை. ஆளுக்கு ஆள் எழுதினா, ஒண்ணைத் திருத்தி இன்னொண்ணை விட்டுடுவேள். பேட்டைக்குத் தனி அட்டவணை போடுங்கோ. ஒரு உண்மை ஒரே இடத்துல இருக்கணும்" என்றாய். போட்டேன். விஜயநகரின் பின்கோடு அதன்பின் ஒரே இடத்தில், அம்பாரியில் ஏறியது போல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் கேட்டாய்: "மாமா, இந்த முறைங்கற கட்டம் எதைச் சார்ந்தது?"

சிரித்தேன், ஸ்ரீகர். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரச் சிரித்தேன். "ஆளைத்தான்டா சார்ந்தது! ஸரஸான்னா மனைவி. ஸ்ரீவல்லின்னா அக்கா. இதுல என்னடா சந்தேகம்?" என்றேன். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ மாமா, யார் கூப்பிடறா..." என்று நீ ஆரம்பித்தாய். நான் போனை வைத்துவிட்டேன். அந்தக் கை இப்போது கூசுகிறது.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடையில் எல்லாவற்றையும் அச்சடித்தேன். மேலே 'அன்புள்ள', பக்கத்தில் முறை, அதன் பக்கத்தில் பெயர், அடியில் ஸ்கேன் பண்ணி ஒட்டிய அத்திம்பேர் கையெழுத்து. ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் தபாலில் சேர்த்துவிட்டு, பட்டாபிஷேகம் முடிந்தவன் போல வீட்டுக்கு வந்தேன். அந்த முறையெல்லாம் நான் அழைக்கும் முறை, கையெழுத்து மட்டும் அவருடையது என்பது, கடிதங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உன் அப்பா தாலி கட்டிய உன் அம்மாவுக்கு 'அன்புள்ள அக்கா ஸ்ரீவல்லி' என்று கடிதம் வந்தது. பெற்ற பெண்ணுக்கு 'அன்புள்ள மருமாள் ஸுப்ரஜா'. என் மாமியாருக்கு 'அன்புள்ள மாமியார்'. அவர் போன் பண்ணி, "எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு, இந்த ரெண்டாவது மாப்பிள்ளை எங்கேர்ந்து முளைச்சார்?" என்று கேட்கிறார். கூறைப்புடவை நெய்து தரும் கொள்ளேகால் பரத் என் பள்ளித் தோழன், அவனை நான் 'தடியா' என்பது வழக்கம், அட்டவணையிலும் அப்படியே போட்டிருந்தேன். அவன் அத்திம்பேருக்குப் போன் போட்டு, "ஏனுங்க, நாம பார்த்ததே ரெண்டு வாட்டி. அதுக்குள்ள நான் உங்களுக்குத் தடியனாயிட்டனுங்களா?" என்றானாம். எனக்கே ஒரு கடிதம் வந்தது: 'அன்புள்ள நான் நம்பி'.

இதெல்லாம் போகட்டும். உன் மாமி ஸரஸா தன் உறையைப் பிரித்து 'அன்புள்ள மனைவி ஸரஸா' என்பதைப் படித்தாள். திட்டுவாள் என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்ககிட்டேர்ந்து இப்படி ஒரு வரி வந்ததில்லை. வந்ததுதான் வந்தது, முரளி அண்ணா பேர்ல வரணுமா?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை. ரசத்தில் உப்பில்லாததை எடுத்துச் சொல்லும் தைரியமும் போய்விட்டது.

அப்புறம் அத்திம்பேர் ஸ்கூட்டரில் நேரிலேயே வந்து, கோபத்தில் பாதி கன்னடத்திலேயே கத்தினார். "ஏனய்யா இது! நீ படிச்ச லட்சணம் போதும், ஸாகு, ஸாகு! மாலை மாத்தறப்போ ஸுப்ரஜாவைத் தூக்க நீ வேண்டாம். வாடகைக்கு ஒரு மாமா பிடிச்சுக்கறேன்!" ஸ்ரீகர், அவள் பிறந்த அன்றே, இந்தப் பெண்ணை மணமேடையில் தூக்கப்போவது நான்தான் என்று தோளைத் தட்டிக்கொண்டவன் நான். பெண்ணின் மாமாவுக்குக் கல்யாணத்தில் வேறென்னடா வேலை? அந்தத் தோளும் பறிபோனால் நான் பந்தலுக்கு வந்து என்ன செய்ய, இலை எண்ணவா?

இப்போது புரிகிறது. முறை என்பது அழைக்கப்படுகிறவரை மட்டும் சார்ந்ததில்லை. அழைக்கிறவர் ஒருவர், அழைக்கப்படுகிறவர் ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்தால்தான் அதற்குச் சாவி. பாதிச் சாவியை வைத்துக்கொண்டு முழுக் குடும்பத்தையும் திறக்கப் பார்த்தேன். நீ எனக்காக அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசு. ஆனால் இந்தக் கடிதத்தை மட்டும் அவருக்குக் காட்டாதே. கோபம் வந்தால் அவர் மூக்கு குண்டு மிளகாயாகிறது, அவர் கத்தினால் கே.ஆர்.எஸ். அணைக்கதவு தானாகத் திறந்துகொள்கிறது. மாப்பிள்ளை ப்ரத்யும்னன் எதிரே வந்தால் தசரா யானைகள் ஓரமாக ஒதுங்கும் என்று நான் சொன்னதையும் சொல்லிவிடாதே. இனி நான் கணினியைத் தொடுவதில்லை, இது சத்தியம்.

தீர்க்காயுஸும், மாமாவைவிட நல்ல புத்தியும் உனக்கு உண்டாகட்டும்.

தலைகுனிந்த
உன் மாமா,
நம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை முடித்ததும், எல்லோரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்று தோன்றியது. ஒரு உண்மை ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றாயே. ஆகவே இதை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். காட்டாதே என்று நான் எழுதியிருந்தது, அத்திம்பேர் படித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஸுப்ரஜா முந்தாநாள்தான் மாப்பிள்ளையையும் அதில் சேர்த்திருக்கிறாள். அவர், "மாமா, நான் டயட்ல இருக்கேன்" என்று பதில் போட்டிருக்கிறார். அத்திம்பேர், "ஸரஸா என்ன சொல்றாளோ அதுதான் தீர்ப்பு" என்று ஒதுங்கிக்கொண்டார். உன் மாமி எழுதிய தீர்ப்பு: "மாப்பிள்ளையோட மாமாவுக்கு முதுகு வலியாம். முதல் சுத்துல இவர் மாப்பிள்ளையைத் தூக்கட்டும். நிமிர முடிஞ்சா அடுத்த சுத்துல ஸுப்ரஜா." ஸ்ரீகர், வரும்போது வலிக்குத் தடவ நல்ல தைலமாக வாங்கி வா. என் இடுப்பு எதைச் சார்ந்தது என்பதில் மட்டும் இப்போது சந்தேகமே இல்லை: ப்ரத்யும்னனின் எடையை, அது ஒன்றை மட்டுமே.