முழு கூடுதல் பொறுப்பு

நாட்டில் பிள்ளைகளுக்குப் பொறுப்பு குறைந்துகொண்டே போகிறது என்று அரசாங்கம் மிகவும் கவலைப்பட்டு, அவர்களுக்குப் பொறுப்பை ஊட்டுவதற்காகவே ஒரு துறையைத் தொடங்கியது. அதன் பெயர் சிறார் சீர்நோக்கு இயக்ககம். தலை சென்னையில் இருந்தது. வால்களில் ஒன்று, தப்புச் செய்த பையன்களை வைக்கும் இல்லம், ஸ்ரீவில்லிபுத்தூரில், திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில் இருந்தது. (பெருமாள் நிற்கிற நம்ம திருவண்ணாமலை. சிவன் இருக்கிறது வேறே.) அந்த வாலின் கண்காணிப்பாளர் அழகியமணவாளன்.

தலை மாறும்போதெல்லாம் வால் ஆடவேண்டும் என்பது நியதி. ஒரு இயக்குநர் வந்து இல்லத்துக்குப் 'புன்னகைப் பூங்கா' என்று பெயர் வைத்தார். பையன்கள் தினமும் காலையில் வரிசையாக நின்று சிரித்தார்கள். அடுத்தவர் வந்து, குற்றம் செய்தவனுக்கு என்ன சிரிப்பு என்று 'மௌனச் சோலை' ஆக்கினார். பழைய உத்தரவுப்படி சிரித்துவிட்ட பையன்களிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்கப்பட்டது. அழகியமணவாளன் பெயர்ப்பலகையில் பெயிண்ட் காய விட்டதே இல்லை.

இப்படியிருக்கையில்தான் ராஜபாளையத்துப் பையன் கௌதம்ராஜ் உள்ளே வந்தான். குற்றம், நாய் திருட்டு. அய்யனார் கோவில் போகிற வழியில் மாந்தோப்பு வைத்திருக்கும் உக்கிரபாண்டி, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நாயின் பெயர் கமாண்டர். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் சாதி நாய். உண்மையைச் சொன்னால் பையன் நாயைக் கூட்டிப் போகவில்லை, நாய்தான் பையன் பின்னாலேயே அவன் வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் நாய் மேல் கேஸ் போடச் சட்டத்தில் இடமில்லாததால் பையன் மேல் போட்டார்கள்.

பையன் உள்ளே போனதும் கமாண்டர் சோற்றைத் தொடவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் உக்கிரபாண்டிக்குப் பட்டாளத்து நெஞ்சு இளகிவிட்டது. பையனின் அம்மா மாரீஸ்வரியையும் நாயையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"சார், கேஸ் குடுத்தது நான். வாபஸும் வாங்கியாச்சு. பயல விடச்சொல்லி மேல உத்தரவும் போட்டாச்சு. பொறவு என்ன?"

"எல்லாம் சரிதான். சென்னையில இயக்குநர் ஒரு கையெழுத்துப் போடணும்."

"போடச் சொல்லுங்க."

"இயக்குநர் மாறிட்டார். இப்ப இருக்கிறவர் இயக்குநர், அடைப்புக்குறிக்குள்ள பொறுப்பு."

மாரீஸ்வரிக்கு முகம் மலர்ந்தது. "பொறுப்பான ஆளுன்னா செத்த நேரத்துல போட்டுருவாவல்ல?"

"இல்லம்மா. பொறுப்புன்னா எதுக்கும் பொறுப்பு எடுக்க மாட்டார்னு அர்த்தம்."

"எம்மவன் பொறுப்பில்லாமத் திரியுதான்னுதான உள்ள வச்சிய? இப்ப பொறுப்பு இருக்குறவிய கையெழுத்தே போட மாட்டாவளாக்கும்?"

பாவம், அழகியமணவாளன் நல்ல மனுஷர். உள்ளே பையனும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்ப்பதை அவர் தினமும் பார்க்கிறார். சென்னைக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பினார். அது போய்ச் சேர்வதற்குள் பொறுப்பு போய் 'கூடுதல் பொறுப்பு' வந்தது. அதுவும் போய் 'முழு கூடுதல் பொறுப்பு' வந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூடுதல் பொறுப்பு என்றால் வேறு துறையில் இருப்பவர் இந்தத் துறையையும் சேர்த்துப் பார்க்காமல் இருப்பது. முழு கூடுதல் பொறுப்பு என்றால் முழுசாகப் பார்க்காமல் இருப்பது.

முழு கூடுதல் பொறுப்பின் பெயர் ஹரிப்ரசாத். அவருடைய சொந்தத் துறை, நாட்டின நாய்கள் மேம்பாட்டு முகமை. ஆண்டாளைச் சேவித்த கையோடு இல்லத்தையும் பார்வையிட வந்தவர், அன்று வந்ததிலிருந்து வாசலை விட்டு நகராமல் சுருண்டு கிடந்த கமாண்டரைக் கண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யய்யோ! இந்த ஜீவனை யார் இப்படிப் பட்டினி போட்டது?"

அழகியமணவாளன் விஷயத்தைச் சொல்லிப் பையனின் காகிதத்தை நீட்டினார். ஹரிப்ரசாத் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பையன் விஷயத்துல நான் முழு கூடுதல் பொறுப்பு. ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. நாய் விஷயத்துல நான் இயக்குநர். என்ன வேணும்னாலும் செய்வேன்."

செய்தார். நாயை உடனே பையனிடம் கொண்டுபோய் விட உத்தரவு போட்டார். கமாண்டர் மௌனச் சோலைக்குள் நுழைந்து, கௌதம்ராஜைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் மௌனம் கலைந்தது. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அழகியமணவாளனுக்கு, உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு முதல் முறையாக, ஒரு யோசனை வந்தது.

"சார், நாயைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பணும் இல்லையா?"

"தாராளமா."

"தனியாப் போகாது சார். கூட ஒரு பராமரிப்பாளர் வேணும்."

"பராமரிப்பாளர் இல்லாம நாயை அனுப்புறது எங்க விதிப்படி குற்றம்" என்று ஹரிப்ரசாத் பேனாவைத் திறந்தார். 'ராஜபாளையம் நாய் ஒன்று, உடன் பராமரிப்பாளர் ஒருவர், வெளியே செல்ல அனுமதிக்கப்படுகிறது.'

கதவு திறந்தது. நாய் முன்னால் போக, பராமரிப்பாளர் பின்னால் போனான். வாசலில் காத்திருந்த மாரீஸ்வரி இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். அழகியமணவாளனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சொல்வதற்கு என்ன.

பிறகு ஒருநாள் அடைப்புக்குறியே இல்லாத அசல் இயக்குநர் வந்தார். பெயர் மாதவி. இல்லத்துக்கு 'நம்பிக்கை நந்தவனம்' என்று பெயர் சூட்டினார், பையன்களை எண்ணினார்.

"ஒரு பையன் குறையுறானே! இதுக்கு யார் பொறுப்பு?"

சமையல்காரர் விட்டத்தைப் பார்த்தார். காவலாளி செருப்பைப் பார்த்தார். வேலை போனால் போகட்டும் என்று அழகியமணவாளன் ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான் மேடம் பொறுப்பு."

அந்தத் துறையில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத வாக்கியம் அது. மாதவி திகைத்துப்போனார்.

"நீங்க பொறுப்பா? ரெகுலர் இல்லையா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. கண்காணிப்பாளர் (பொறுப்பு) அழகியமணவாளனுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அதிகாரம் இல்லாதவர் எவரையும் வெளியே விட்டிருக்க இயலாது. ஆகவே சிறுவன் கௌதம்ராஜ் இல்லத்தின் உள்ளேதான் இருக்கிறான் எனத் தெளிவுறுத்தப்படுகிறது.

வேலை தப்பியதில் அழகியமணவாளனுக்குப் பெரிய நிம்மதி. புதுப் பட்டத்தை மேசைப் பலகையிலும் எழுதிக்கொண்டார். எவர் எதைக் கேட்டு வந்தாலும் பேசாமல் அந்த அடைப்புக்குறியைத் தொட்டுக் காட்டினார். நாளாக நாளாக அது வசதியாகத்தான் இருந்தது.

கௌதம்ராஜுக்குத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்ததும் மாரீஸ்வரி மறுபடியும் வந்தாள். கூடவே மகன், கூடவே நாய்.

"சார், உள்ள இருக்குற பயலச் சேக்க மாட்டோம்னு சொல்லுதாவ. விடுதலைக் கடுதாசி வேணுமாம். எம்மவன வெளிய விட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"அதுக்கு இயக்குநர் கையெழுத்து வேணும்மா. அவங்க மாறிட்டாங்க."

"சார், இந்தா நிக்கானே! ஒங்க கண்ணு முன்னாலதான நிக்கான்!"

அழகியமணவாளன் தலையை நிமிர்த்தி, கௌதம்ராஜை ஒரு தரம் ஆசையோடு பார்த்தார்.

"நிக்கிறாம்மா. ஆனா பார்க்கிற அதிகாரம் எனக்கு இல்லையே."